மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு திறந்த கார்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே கைபேசியைப் பார்த்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேகர் அண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். கூரையில்லாத சிவப்புக் கார். பின்சீட்டில் ரோஜா மாலையோடு அண்ணனின் மருமகன் பிரபு. முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, பட்டுப்புடவையில், பரீட்சை எழுதுகிறவள் போன்ற முகத்தோடு ஒரு பெண்மணி. அந்தப் பெண்மணி நான்தான். படத்துக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "காவ்யா, பிரபு முதல் வருஷக் கல்யாண நாள். டிரைவரம்மாவுக்கும் வாழ்த்துகள்."

நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பட்டனை அழுத்தினால் மேல்துணி மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளுமே, அந்த மாதிரி வேகமான திறந்த கார்கள். அவற்றின் அடிச்சட்டமும் சஸ்பென்ஷனும் எங்கள் குழுவின் பொறுப்பு. வளைவில் வண்டி எப்படித் திரும்புகிறது, பள்ளத்தில் இறங்கினால் என்ன செய்கிறது, ஓட்டுகிறவர் கைக்குச் சாலை எவ்வளவு தெரிய வேண்டும், எவ்வளவு தெரியக் கூடாது என்பதெல்லாம் எங்கள் கவலை.

திறந்த காரில் ஒரு சங்கடம் உண்டு. கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் அல்ல. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அதை எடுத்துவிட்டால் வண்டி முறுக்கிக்கொள்ளத் தொடங்கும். எவ்வளவு நல்ல ஸ்பிரிங் போட்டாலும், அது உட்காரும் உடம்பே நெளிந்தால் என்ன பயன்? அதனால் கீழே, பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் பலம் கொடுக்க வேண்டும். நல்ல திறந்த காருக்கு எங்கள் குழுவின் முதல் சோதனை எளிமையானது. மோசமான சாலையில் ஓட்டிக்கொண்டே பின்பார்க்கும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அதில் தெரிகிற உலகம் நடுங்கக் கூடாது.

2

போன வருஷம் ஆவணியில் மகள் காவ்யாவுக்குக் கல்யாணம் என்று அண்ணன் சொன்னதும் நான் செய்த முதல் வேலை லீவு கேட்டது. இரண்டாவது வேலை, ஊரில் வாடகைக் கார் ஓட்டலாம் என்ற ஆசையில், சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு நகராட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தது.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் என் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. இங்கே அதுவே என் பெயராகிவிட்டது. "திருமதி ராமசாமி" என்று அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள். என் அப்பா திருவெள்ளறையில் நெல்லும் வாழையும் போட்டவர். அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கே இருபத்தைந்து வயதுப் பையன்கள் காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு "ராமசாமி, பால் வேண்டுமா" என்கிறார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது அப்பா என்னோடு வேலைக்கு வந்து போகிற மாதிரி இருக்கிறது.

அனுமதிப் புத்தகத்தில் என் பெயரை எங்கே எழுதுவது, அப்பா பெயரை எங்கே எழுதுவது என்று அந்த அலுவலர் தன் மேலதிகாரியைக் கேட்டார். அவர் இன்னொருவரைக் கேட்டார். கடைசியில் இரண்டையும் ஒரே கட்டத்தில் நெருக்கி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகள் மித்ராவும் மட்டும் கிளம்பினோம். மித்ராவுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும். பேசுவதற்கு ஏதாவது காரியம் ஆக வேண்டும். வீட்டில் நாங்கள் அவளை "நீ" என்று சொல்லியே வளர்த்ததால், உலகத்தில் எல்லாரும் அவளுக்கு "நீ"தான். விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம், "நீ தூங்கிட்டியா? நான் வெளியே போகணும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

3

மன்னார்புரத்தில் அண்ணன் வீடு. போய் இறங்கிய மறுநாளே அண்ணன், "கிளம்பு, உனக்கு ஒண்ணு காட்டணும்" என்று என்னையும் மித்ராவையும் காவ்யாவையும் பாலக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு சந்தில் சலீம் பாயின் பட்டறை. சலீம் பாய் பல வருஷம் வளைகுடாவில் கார் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே ஷேக்குகள் திறந்த காரில் போவதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, ஊருக்கு வந்ததும் ஒரு பழைய நாலு கதவு காரை வாங்கி, கூரையை வெட்டி எடுத்துவிட்டு, சிவப்பு வண்ணம் அடித்து, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் அண்ணன். "நீ அங்க செய்யற மாதிரி காரு. மாப்பிள்ளை அழைப்புக்கு இதுதான். என் தங்கச்சி வேலை பாக்கற மாதிரி வண்டியிலதான் உங்களைக் கூட்டிட்டு வருவோம்னு மாப்பிள்ளைக்கிட்டயே சொல்லிட்டேன்."

என் வேலை என்னவென்று அண்ணன் இத்தனை நாள் கேட்டதே இல்லை என்று நினைத்திருந்தேன். "நல்லா இருக்குண்ணே" என்றேன். கூரையை இப்படி வெட்ட அனுமதி உண்டா என்று கேட்க வந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணனும் காவ்யாவும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். மித்ரா முன்னால் ஏறினாள். அப்போதுதான் கவனித்தேன். பின்கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மேல்பக்கம் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. ஆட்கள் ஏறியதும் அது மெல்ல மெல்லக் குறுகி, காணாமலே போனது. கைப்பிடியை இழுத்தேன். கதவு திறக்கவில்லை.

"மேல ஆள் உட்கார்ந்தா அப்படித்தாம்மா பிடிச்சுக்கும்" என்றார் சலீம் பாய். "இறங்கிட்டா சரியாயிடும்."

"கதவு திறக்கலேன்னா எப்படி பாய் இறங்கறது?" என்று காவ்யா கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஏறிக் குதித்தார். சலீம் பாயும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"பாய், நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டுமா?"

சலீம் பாய் பக்கத்தில் உட்கார, காவிரிப் பாலம் வரைக்கும் ஓட்டினேன். பாலத்து இணைப்புகளில் டக்கு டக்கென்று ஏறி இறங்கும்போது முன்பாதி ஒரு பக்கம் போக, பின்பாதி யோசித்துவிட்டுப் பின்னால் வந்தது. கதவுகள் தாளம் போட்டன. கண்ணாடியில் பார்த்தேன். மலைக்கோட்டை இரண்டாகவும் மூன்றாகவும் தெரிந்தது.

4

அன்றைக்கு மதியம் சாப்பாடு முடிந்ததும் அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, அந்தக் காரு இப்ப இருக்கற நிலையில வேண்டாம். நடுவுல தொய்ஞ்சு போயிருக்கு. மாப்பிள்ளை ஏறி, கூட நாலு பேர் ஏறினா கதவு திறக்காது. ஊர்வலத்துல எல்லாரும் மேல தொத்திக்குவாங்க. பெரிய பள்ளத்துல விழுந்தா அடித்தளம் விட்டுப்போகும்."

அண்ணன் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "நீ ஒவ்வொரு தடவை வரும்போதும் இதுதானே மாலா. தண்ணி சரியில்ல. வயரிங் சரியில்ல. ஹெல்மெட் போடல. சொல்றது எல்லாம் நியாயம்தான், நான் இல்லேங்கல. இது ஒண்ணையாவது நல்லா இருக்குன்னு சொல்லுவேன்னு நெனச்சுத்தான் தேடித் தேடிப் பிடிச்சேன்."

உள்ளே அண்ணி பாத்திரங்களை அடுக்குகிற சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. மித்ரா கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பேசாமல் வேறு ஒரு மூடிய காரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அண்ணன் சரி என்றுகூடச் சொல்லிவிடுவார். ஆனால் அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் எங்கேயும் வாயைத் திறக்க மாட்டார். என்னிடமும்தான்.

மூலையில் கல்யாணத்துக்கு வந்த லட்டு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. காலிப் பெட்டி ஒன்றை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். "இதை முறுக்குங்க." மூடி இருந்ததால் முறுக்க வரவில்லை. மூடியைக் கழற்றினேன். "இப்ப முறுக்குங்க." பெட்டி துணி மாதிரி நெளிந்தது. பிறகு அட்டையில் இரண்டு பட்டை வெட்டி, மடித்து, பெட்டியின் உள்பக்கம் நீளவாக்கில் இரண்டு ஓரத்திலும் ஒட்டினேன். குறுக்கே ஒன்று வைத்து ஒட்டினேன்.

"இப்ப?"

முறுக்கிப் பார்த்தார். முழுக்க நிற்கவில்லை. ஆனால் முன்பு மாதிரி நெளியவும் இல்லை.

"இதே வண்டிதான் வரணும்ணே. வேற வேண்டாம். மாப்பிள்ளை அழைப்புக்கு ரெண்டு நாள் இருக்கு. நாளைக்கு ஒரு நாள் எனக்குக் குடுங்க. சரி பண்ணிடலாம்."

"கல்யாண வீட்டுல ஆயிரம் வேலை கெடக்கு" என்றார் அண்ணன். ஆனால் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

5

எங்கள் கம்பெனியில் ஒரு போல்ட்டின் நீளத்தை மாற்ற வேண்டுமென்றால் எடை பார்ப்பவர்கள், விலை பார்ப்பவர்கள், மோதல் சோதனைக்காரர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். கையெழுத்து வருவதற்குள் அந்தக் காரே பழைய மாடல் ஆகிவிடும் என்று கேலி பேசுவோம். அந்தக் கையெழுத்துகளுக்குக் காரணம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சலீம் பாயிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "பாய், நாம என்ன செஞ்சாலும் இது வேகமாப் போற வண்டி ஆகாது. ஊர்வலத்துக்கு மட்டும்தான். கதவு திறக்கணும், உடம்பு தாங்கணும். அவ்வளவுதான்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. சொந்தக் கையால் செய்த வண்டி அல்லவா? பிறகு, "வெட்டும்போது ஆசையில வெட்டிட்டேம்மா. பின்னாடி கதவு பிடிக்க ஆரம்பிச்சதும் எனக்கே மனசுல ஒரு உறுத்தல்தான். என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றார்.

சீட்டுகளைக் கழற்றினோம். தரைவிரிப்பை எடுத்தோம். பேட்டரியைப் பிரித்துவிட்டு, பெட்ரோல் டேங்கைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே தூரமாக வைத்தார் பாய். காரின் நடுவயிற்றுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கினோம். தொய்ந்த உடம்பை முதலில் நேராக்கிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். தொய்ந்தபடியே பற்றவைத்தால் கோணல் நிரந்தரமாகிவிடும்.

அதுவரை ஒரு ஸ்டூலில் சலிப்போடு உட்கார்ந்திருந்த மித்ரா எழுந்து வந்தாள். "அம்மா, அது வயிறு உள்ளே போகுது" என்றாள்.

சலீம் பாய் ஜாக்கியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பாப்பா சரியாச் சொல்லுது. தொப்பையைத் தூக்கறோம்மா."

"இன்னும் தூக்கு. இங்கே இடம் கொஞ்சம்தான். நீ நிறுத்தாதே" என்றாள் மித்ரா.

நான் பதறி, "நீங்கன்னு சொல்லு" என்றேன். "விடுங்கம்மா, எங்க வீட்டுப் பிள்ளைகளும் என்னை அப்படித்தான் சொல்லுதுங்க" என்றார் பாய்.

அதிலிருந்து கதவு இடைவெளி பார்ப்பது மித்ராவின் வேலை ஆயிற்று. கூட வந்திருந்த காவ்யாவிடம் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வாங்கிக்கொண்டு, நாலு கதவிலும் மேலும் கீழும் நுழைத்துப் பார்த்தாள். ஒரே மாதிரி நுழையும்வரை எங்களை விடவில்லை. பிறகு இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் நீளமாக இரும்பு பாக்ஸ் பைப், முன்சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒன்று, தரைக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு பட்டை. சலீம் பாய் நனைத்த சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பற்றவைத்தார். ஒரு இடத்தில் சூடாக்கி, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் போனார். மதியம் அவர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. மித்ரா கையால் சாப்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாலையில் சீட்டுகளையும் டேங்கையும் திரும்ப மாட்டிவிட்டு ஜாக்கியை இறக்கினோம். காவ்யாவும் பார்க்க வந்த அவள் தோழிகள் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். மித்ரா நாணயத்தை நுழைத்தாள். நுழைந்தது. கதவை இழுத்தாள். திறந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதுகூட இப்படிப் பார்த்ததில்லை.

மறுபடி காவிரிப் பாலம். இந்தத் தடவை அண்ணனும் கூட வந்தார். அதே இணைப்புகள், அதே டக்கு டக்கு. ஆனால் வண்டி ஒரே வண்டியாக ஏறி ஒரே வண்டியாக இறங்கியது. கண்ணாடியை அண்ணன் பக்கம் திருப்பினேன்.

"என்ன தெரியுதுண்ணே?"

"மலைக்கோட்டை."

"எத்தனை?"

அண்ணன் சிரித்துவிட்டார்.

6

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை ஸ்ரீரங்கத்தில் ஒரு பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம். கல்யாண மண்டபம் நாலைந்து தெரு தள்ளி இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் உப்பிலியபுரத்திலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். பிரபு மாலையோடு பின்சீட்டில் ஏறினான். நாயனம் ஆரம்பித்தது. அப்போது சலீம் பாய் ஸ்டீயரிங் சீட்டிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"தொழுகை நேரம் ஆயிடுச்சும்மா. கிளம்ப இவ்வளவு தாமதமாகும்னு நினைக்கல. பக்கத்துல நண்பர் கடை இருக்கு. தொழுதுட்டு மண்டபத்துக்கே வந்துடறேன். அதுவரைக்கும் நீங்க ஓட்டுங்க."

"நானா? பட்டுப்புடவையிலயா?"

"இந்த வண்டியை இப்ப என்னைவிட உங்களுக்குத்தானே தெரியும்."

பெண்ணின் அத்தை மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டுவதா? அண்ணன் தயங்கி மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "பொண்ணு வீட்டுக்காரங்களே ஓட்டினா என் பையனைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்ப்பாங்க. ஏறுங்கம்மா" என்றார்.

அங்கே சோதனைத் தடத்தில் தலைக்கவசம் போட்டு, காற்று காதைக் கிழிக்க ஓட்டுகிறவள் நான். இங்கே நாயனக்காரர் நடக்கிற வேகம்தான் என் வேகம். கிளட்சில் கால் வைத்தே தொடை வலித்தது. மித்ரா பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே வருகிற ஸ்கூட்டர்களைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து, ஜெர்மனிப் பழக்கத்தில் இடது கைப் பக்கம் தட்டினேன். வைப்பர் ஓடியது. முன்கண்ணாடியில் கட்டியிருந்த மல்லிகைச் சரம் அறுந்து பூவெல்லாம் நாயனக்காரர் தலையில் கொட்டியது. அவர் வாசிப்பை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். வேண்டுமென்றே தூவினோம் என்று கூட்டம் கை தட்டியது.

அடுத்த தெருவில் பிரபுவின் நண்பர்கள் டிக்கி மேல் ஏறத் தொடங்கினார்கள். அண்ணன் எங்கிருந்தோ ஓடி வந்தார். "யாரும் ஏறக்கூடாது. தம்பி, இறங்குங்க. வண்டி முறுக்கிக்கும். கூரை இல்லாத வண்டி, தெரியுமில்ல?" என்று சொல்லிவிட்டு, மண்டபம் வரும்வரை பின்கதவில் கை வைத்தபடி காரோடு நடந்தே வந்தார். ஒரு வேகத்தடையில் கோணலாக ஏற வேண்டியிருந்தது. ஒரு சக்கரம் மட்டும் தூக்கி இறங்கியது. சீட்டு வழியாக, முதுகு வழியாக, வண்டி அதை வாங்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஒரு முனகல்கூட இல்லை. அந்தச் சந்தோஷத்தை அந்தக் கூட்டத்தில் யாரிடம் சொல்வது?

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். அண்ணன் பின்கதவைத் திறக்கக் கை வைத்தார். அதற்குள் பிரபுவின் நண்பர்கள் அவனை மாலையோடு அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கதவை யாரும் திறக்கவே இல்லை.

தொழுகை முடிந்து வந்து நின்றிருந்த சலீம் பாய் அதைப் பார்த்தார். பிறகு தானே வந்து, கதவை முழுக்கத் திறந்து, மெதுவாகச் சாத்தினார். புதுக் கார் மாதிரி ஒரு சத்தத்தோடு சாத்திக்கொண்டது. எனக்காகத்தான் சாத்தினார்.

7

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. படம் வந்த அன்றே, அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த காவ்யாவுக்கு வீடியோ அழைப்பில் வாழ்த்துச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "அத்தை, இப்பல்லாம் அப்பா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் காரைச் சுத்திச் சுத்தி வந்து கதவு இடுக்குல விரலை விட்டுப் பாக்கறாங்க. எல்லாரும் பயந்துக்கறாங்க" என்றாள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களை ஊரில் எதற்கும் கேட்டுத்தான் கூப்பிடுவார்கள். உங்களுக்கு வசதிப்படுமா, லீவு கிடைக்குமா, வெயில் ஒத்துக்குமா என்று கேட்பார்கள். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையில் ஒரு தூரம் இருக்கிறது. விருந்தாளியிடம் மட்டும்தான் இப்படிக் கேட்பார்கள்.

காவ்யாவிடமிருந்து அண்ணன் கைபேசியை வாங்கினார். "மாலா, தையில திருவெள்ளறையில நம்ம சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு சலீம் பாய் வண்டிதான். நீதான் ஓட்டறேன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

"உன்னை என்ன கேக்கறது?" என்றார் அண்ணன்.

மறுநாள் என் மேலாளர் ஸ்டெஃபான் முன்னால் போய் நின்றேன். ஜனவரி மாதம் புது மாடலின் குளிர்காலச் சோதனை உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் என்ன அவசரம் என்று கேட்டார்.

"ஊரில் ஒரு திறந்த கார் ஓட்ட வேண்டும். சொல்லிவிட்டார்கள்" என்றேன்.

அவர் காலண்டரைத் திறந்தார். "எவ்வளவு வேகம்?"

"நடக்கிற வேகம்."

"அதுதான் கஷ்டம்" என்று சொல்லி, லீவுக்குச் சம்மதித்தார்.